ஊர்ப்பலகையும் அகரவரிசையும்

என் தமக்கையின் மகன் ஒன்பதாம் வகுப்பில் பயில்கின்றான். விடுமுறை நாளொன்றில் அவன் என்னிடம் வந்து, "மாமா, அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு எழுத்துகளில் தொடங்கும் பன்னிரண்டு ஊர்களுக்கு ஒரே நாளில் போய், ஒவ்வோர் ஊரின் பெயர்ப்பலகையையும் வரிசை தவறாமல் படம் எடுக்க முடியுமா?" என்று கேட்டான். கூடத்தில் அமர்ந்திருந்த பெரியவர்கள் நகைத்தனர். "கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது, அவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சாலையோரத்துத் தகரத்தைப் படம் எடுக்கப் போகிறானாம்!" என்றார் ஒருவர். "பெட்ரோல் விற்கிற விலையில் இப்படியும் ஒரு விளையாட்டா?" என்றார் மற்றொருவர். நான் நகைக்கவில்லை. அன்று முதல் அவன் பக்கம் நின்று வாதாடி வருகின்றேன். அவ்வாதத்தையே இங்கு எழுதுகின்றேன்.

பெட்ரோல் வீணாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நாம் இன்று மேற்கொள்ளும் பயணங்களில் வீணாகாத பெட்ரோல் எவ்வளவு? தஞ்சையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் வருவோர் பலர், இடையில் கடந்த ஊர்கள் எவை என்று கேட்டால் விழிக்கின்றனர். புறப்பட்ட இடம் தெரியும்; சேர்ந்த இடம் தெரியும்; நடுவில் உள்ள நாற்பது கிலோமீட்டரும் அவர்களுக்கு வெறும் சாலையே. எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் கைப்பேசி சொல்லிவிடுகின்றது. ஆகையால் பலகையைப் படிக்கும் தேவையும் போயிற்று. படிக்கப்படாத எழுத்து இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். அந்த எழுத்தைத் தேடிச் சென்று, அதன் எதிரே வண்டியை நிறுத்தி, முதலெழுத்து எது என்று உற்று நோக்கும் ஒரு சிறுவனை வீண் வேலை செய்பவன் என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

மேலும், அவன் கேட்ட வினா பார்வைக்குத்தான் சிறியது. அதனுள் நிலநூல் உண்டு; கணக்கு உண்டு; இலக்கணம் உண்டு. ஒருநாள் பயணத்துக்குத் திட்டமிடுவதற்கு எங்களுக்குப் பல மாலைகள் வேண்டியிருந்தன. அம்மாலைகளே பயணத்தினும் சுவையாயிருந்தன என்று சொன்னால், இன்னும் புறப்படாத பயணத்தைக் குறைத்துப் பேசியதாகுமோ என்னவோ!

முதலில் எந்த நிலப்பகுதியைத் தெரிந்துகொள்வது என்னும் கேள்வி எழுந்தது. ஈரோடு, ஊத்துக்குளி, ஏற்காடு, ஓமலூர், எடப்பாடி என்று மேற்கு மாவட்டங்களில் உயிரெழுத்து ஊர்கள் பல உள்ளன. ஆயினும் அவை ஒன்றற்கொன்று தொலைவில் உள்ளவை. ஏற்காடோ மலைமேல் இருப்பது. ஒரே பகலில் வரிசைப்படி அங்கெல்லாம் சுற்றிவருதல் அரிது. எங்கள் ஊராகிய கும்பகோணத்தைச் சுற்றியோ, ஓர் ஊரின் எல்லை முடியுமுன் அடுத்த ஊரின் எல்லை தொடங்கிவிடுகின்றது. காவிரியும் அதன் கிளைகளும் பாயும் வயல்வெளியில் நம் முன்னோர் அத்துணை நெருக்கமாக ஊர்களை அமைத்தனர். ஆதலின் கும்பகோணத்தை நடுவாகக் கொண்டோம்.

வரைபடத்தை விரித்துவைத்து ஊர்களைத் தொகுத்தோம். அகரத்துக்கு மூன்று கிடைத்தன: கொள்ளிடக்கரையிலுள்ள அணைக்கரை, தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் செல்லும் சாலையிலுள்ள அம்மாபேட்டை, கும்பகோணத்துக்குக் கிழக்கே அண்மையிலுள்ள அம்மாசத்திரம். ஆகாரத்துக்கும் ஆடுதுறை, ஆலங்குடி, ஆவூர் என மூன்று. இகரத்துக்கு இன்னம்பூரும் இரும்புதலையும். ஈகாரத்துக்குக் கபித்தலத்தை அடுத்த ஈச்சங்குடி ஒன்றே அகப்பட்டது. உகரத்துக்கு உமையாள்புரம், உள்ளிக்கடை, உப்பிலியப்பன் கோயில் ஆகிய மூன்று. ஊகாரத்துக்கு ஊத்துக்காடு மட்டும். எகரத்துக்கு எரவாஞ்சேரி, எண்கண், எட்டுக்குடி; ஏகாரத்துக்கு ஏரகரம், ஏனநல்லூர். ஒகரத்துக்குத் தஞ்சைக்குத் தெற்கே உள்ள ஒரத்தநாடு. ஓகாரத்துக்குக் குடவாசல் வட்டத்து ஓகையும், கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயிலை அடுத்த ஓமாம்புலியூரும். ஐகாரமும் ஔகாரமும் எங்களைப் படுத்திய பாட்டைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

இப்பெயர்களை ஒரு தாளில் எழுதி முடிப்பதற்குள்ளேயே எத்தனை செய்திகள்! அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியவர் சர் ஆர்தர் காட்டன், ஆண்டு 1836. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. உழவர்கள் 'ஏ.டி.டி.' என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லும் நெல் வகைகள் அங்கே பிறந்தவை. அம்மூன்று ஆங்கில எழுத்துகளும் ஆடுதுறை என்னும் பெயரின் சுருக்கமே. ஊரே நெல்லுக்குத் தலைப்பெழுத்தாகி நாடெங்கும் விதைமூட்டையில் செல்கின்றது! உமையாள்புரம் என்றவுடன் மிருதங்கம் நினைவுக்கு வரும். சிவராமன் என்னும் பெருங்கலைஞர் அவ்வூர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கியவர். ஊத்துக்காடு என்றால் வேங்கட கவியின் கண்ணன் பாடல்கள். இசைவாணர் தம் பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து வழங்கும் மரபு இல்லாவிடில், இச்சிற்றூர்களின் பெயர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே எட்டியிருக்குமா என்பது ஐயமே.

அடுத்து எழுந்தது வரிசை பற்றிய வழக்கு. "போகிற போக்கில் எந்த ஊர் முதலில் வருகிறதோ அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு வந்தபின் அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளலாமே" என்றார் என் தமக்கையார். கேட்பதற்கு அறிவுடைய யோசனையாகவே தோன்றும். பயணத் தொலைவும் குறையும். ஆயினும் நான் அதை ஏற்கவில்லை. அடுக்குவது வேறு, வரிசையாகச் செல்வது வேறு. முன்னது ஒரு தொகுப்பு. பின்னது ஒரு பயணம். ஆகாரத்தை முடிக்காமல் இகரத்துக்குப் போகக்கூடாது என்னும் கட்டு இருந்தால்தான், எந்த ஆகாரம், எந்த இகரம் என்று ஆராயும் தேவை பிறக்கின்றது. கட்டில்லாத விளையாட்டில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கின்றது?

இதிலே ஒரு வியப்பும் உண்டு. வரிசை என்னும் கட்டு வேலையைக் கடினமாக்கும் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது. ஐ, ஔ இரண்டையும் ஒதுக்கினால் எஞ்சுபவை பத்து எழுத்துகள். பத்து ஊர்களை நம் விருப்பம்போல் எந்த வரிசையிலும் சுற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் போவதற்குப் பத்து ஊர்கள், அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்ததற்கு எட்டு. இவ்வாறு பெருக்கிக்கொண்டே போனால் 36,28,800 வழிகள் வருகின்றன. இவற்றுள் மிகக் குறுகியது எது என்று கண்டுபிடிப்பது கணித அறிஞர்களையே வருத்தும் சிக்கல். இதனை 'ஊர் சுற்றும் விற்பனையாளர் கணக்கு' என்பர். அமெரிக்காவில் டான்ட்சிக், புல்கர்சன், ஜான்சன் என்னும் மூவர் 49 நகரங்களைக் கொண்ட இத்தகைய கணக்கொன்றை 1954 ஆம் ஆண்டில் தீர்த்தபோது, அது பெருஞ்செயலாகப் போற்றப்பட்டது.

நம் கணக்கிலோ வரிசை முன்பே முடிவாகிவிட்டது. எழுத்துக்கு எந்த ஊர் என்பது மட்டுமே கேள்வி. மேலே தொகுத்த ஊர்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் 648 திட்டங்கள் வருகின்றன. முப்பத்தாறு இலட்சம் எங்கே, அறுநூற்று நாற்பத்தெட்டு எங்கே! அதையும் முழுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஈகாரத்துக்கு ஈச்சங்குடி ஒன்றே உள்ளது அன்றோ? எந்த வழியில் வந்தாலும் அவ்வூரைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு முன் எப்படி வந்தோம் என்பது அதற்குப் பின் எப்படிப் போவோம் என்பதைச் சிறிதும் பாதிக்காது. மலைத்தொடரில் உள்ள கணவாய் போன்றது அந்த ஊர். ஊத்துக்காடும் ஒரத்தநாடும் அத்தகையனவே. ஆகவே பயணத்தை நான்கு துண்டுகளாக்கி, துண்டுதோறும் குறுகிய வழியைத் தனித்தனியே கண்டால் போதும். முதல் துண்டில் 18 வழிகள், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 6, நான்காவதில் 2. ஆக 29 வழிகளை ஒப்பிட்டால் வேலை முடிந்தது. ஒரு மாலைப்பொழுதில் தாளும் பென்சிலும் கொண்டு செய்துவிடலாம். நாங்கள் அவ்வாறே செய்தோம். படிப்படியாகச் சிறந்த வழியைக் காணும் இம்முறையை ரிச்சர்டு பெல்மன் என்னும் கணித அறிஞர் 1957 ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். வகுப்பில் 'காரணியப் பெருக்கம்' என்னும் சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடும் என் மருமகன், அன்று இரவு உணவையும் மறந்து கூட்டிக்கொண்டிருந்தான்.

கணக்கு காட்டிய குறுகிய வழி அம்மாசத்திரத்தில் தொடங்கியது. அவனுக்கு முகம் வாடிற்று. அவன் மனம் அணைக்கரையில், கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பில் இருந்தது. எனக்கும் அப்படியே. இங்கே நாங்கள் கணக்கை ஏமாற்றினோம் என்று எவரும் எண்ண வேண்டா. பலகையைப் படம் எடுக்கப் பகல்வெளிச்சம் வேண்டும். பலகைவரை போவதற்கு வேண்டுவதில்லை. விடியுமுன் கும்பகோணத்தைவிட்டுப் புறப்பட்டால், அணைக்கரைக்குச் செல்லும் நேரம் பகற்கணக்கில் சேராது. அங்கிருந்து திருப்பனந்தாள் வழியாக ஆடுதுறைக்கு வருவதில் சில கிலோமீட்டர்களே மிகுதி. மிகக் குறுகிய வழியே மிகச் சிறந்த வழி என்று கொள்வது, குறைந்த விலையில் கிடைப்பதே நல்ல துணி என்று கொள்வதைப் போன்றது.

பகல் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதையும் பார்த்தோம். நம் பகுதியில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்; மார்கழியில் 11 மணி 30 நிமிடமே. ஒன்றேகால் மணி நேர வேறுபாடு பெரிது. எனவே ஆனி மாதத்தைத் தெரிந்துகொண்டோம். பலகை ஒன்றுக்குப் பத்து நிமிடம், உணவுக்கு ஒரு மணி எனக் கழித்தால், வண்டி ஓட்டுவதற்கு ஏறத்தாழப் பத்து மணி எஞ்சும். இந்தச் சாலைகள் குறுகியவை, வளைவுகள் மிகுந்தவை, ஆடும் மாடும் பள்ளிப் பிள்ளைகளும் செல்பவை. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கணக்கிடுதல் அறிவுடைமை ஆகாது. ஆகவே 300 கிலோமீட்டருக்குள் எல்லாம் அடங்க வேண்டும். ஓமாம்புலியூர் இந்த எல்லைக்குள் வரவில்லை. தெற்கே ஒரத்தநாட்டிலிருந்து வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டிச் சென்றால் பொழுது சாய்ந்துவிடும். ஓகையைக் கொண்டோம்.

வெளிச்சத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கின்றது. ஊர்ப்பலகை ஊருக்குள் வருபவரை நோக்கி நிற்பது. காலையில் மேற்கிலிருந்து வந்தால், கதிரவன் பலகைக்குப் பின்னால் நின்று கண்ணைக் கூசச் செய்யும். எழுத்து இருளில் கிடக்கும். கிழக்கிலிருந்து வந்தால் எழுத்தின்மேல் வெயில் படும். மாலையில் இதற்கு மாறாகக் கொள்ள வேண்டும். நெடுஞ்சாலைப் பலகைகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டப்பட்டிருப்பதால், படக்கருவியின் மின்னொளியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் படத்தில் பலகை வெள்ளைத் திட்டாகிவிடும். வண்டியைச் சாலையைவிட்டு முழுவதும் இறக்கி நிறுத்த வேண்டும் என்பதையும், படம் எடுப்பவன் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கலாகாது என்பதையும் மருமகனிடம் பலமுறை சொல்லியிருக்கின்றேன். ஒரு படத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் மூடத்தனத்துக்கு நான் வழக்குரைஞன் அல்லன்.

இனி எழுத்துக்கு வருவோம். என் கருத்தில் இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கின்றது.

ஓர் ஊரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகின்றது? எளிய வினாவாகத் தோன்றும். திருவையாற்றை எடுத்துக்கொள்வோம். எங்கள் தொகுப்பில் ஐகாரத்துக்கு இடம் காலியாக இருந்தபோது, நான்தான் அவ்வூரைச் சொன்னேன். 'திரு' என்பது அடைமொழி. ஊரின் பெயர் ஐயாறு. தேவாரத்தில் ஐயாறு என்றே வழங்குகின்றது. 'திரு' என்பதன் ஈற்று உகரத்தின்முன் ஐகாரம் வந்தமையால் வகர உடம்படுமெய் தோன்றித் திருவையாறு ஆயிற்று என்று இலக்கணம் பேசினேன். என் புலமையில் எனக்கே மகிழ்ச்சியாயிருந்தது. மருமகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பலகையில் 'தி' தானே இருக்கும் மாமா?" என்றான்.

அவன் சொன்னது சரி. அடைமொழியை நீக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், திருவாரூர் ஆகாரத்துக்குப் போகும்; திருவிடைமருதூர் இகரத்துக்குப் போகும்; திருவாவடுதுறையும் ஆகாரத்துக்கு வரும். காவிரிக்கரையில் திருவை நீக்கினால் எழுத்து மாறும் ஊர்கள் இன்னும் எத்தனையோ! பிறகு நமக்கு வேண்டிய எழுத்தை வேண்டிய ஊரில் கண்டுகொள்ளலாம். படம் என்பது ஒரு சான்று. கண்ணெதிரே எழுதப்பட்டிருப்பதையே அது காட்டும். புலவன் மனத்தில் இருக்கும் எழுத்தைப் படக்கருவி அறியாது. எனவே பலகையே நடுவர் என்று விதி செய்தோம். விதியைச் செய்தவன் சிறுவன், கட்டுப்பட்டவன் நான்.

அவ்விதி எங்களை அடுத்துக் கொண்டுபோய் நிறுத்திய இடம், தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள அய்யம்பேட்டை. 'ஐயம்பேட்டை' என்று எழுதியிருந்தால் எங்கள் குறை தீர்ந்திருக்கும். ஆனால் பேரூராட்சிப் பெயரும் பலகையும் 'அய்' என்றே தொடங்குகின்றன. ஐகாரத்துக்குப் போலியாக அகரமும் யகர மெய்யும் வரலாம் என்பது தொல்காப்பியம் முதலே கூறப்படும் இலக்கணம். ஆதலின் இதனைப் பிழை என்று தள்ள இயலாது. பெரியார் 1935 ஆம் ஆண்டு முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஐ, ஔ என்பவற்றை அய், அவ் என்றே எழுதலாம் என்னும் கருத்தும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978 ஆம் ஆண்டில் அச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ஐ, ஔ இரண்டையும் அவ்வாறே விட்டுவைத்தது. பாடநூலில் ஐகாரம் வாழ்கின்றது. பலகையில் அது அய் ஆகின்றது. இவ்விரண்டில் எது சிறந்தது என்று இங்கே தீர்ப்பளிக்க நான் முற்படவில்லை. ஆனால் ஐகாரத்தைத் தேடிச் சாலைவழியே போகாத ஒருவனுக்கு இப்படியொரு வழக்கு இருப்பதே தெரிய வழியில்லை.

உகரமும் ஒகரமும் செய்யும் குறும்பு இதனினும் பெரிது. நம் பேச்சில் உடம்பு ஒடம்பாகின்றது, உரல் ஒரலாகின்றது. இலை எலையாவதும், இடம் எடமாவதும் இதைப் போன்றவையே. திருநாகேசுவரத்தை அடுத்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் திருமாலுக்கு ஒப்பிலியப்பன் என்பது பெயர். ஒப்பு இல்லாத அப்பன் என்பது பொருள். மக்கள் நாவில் அது உப்பிலியப்பன் ஆயிற்று. பெருமாளுக்கு உப்பில்லாத நிவேதனம் படைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஒகரம் உகரமாகியதும் ஒப்பு உப்பாகிவிட்டது! இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. நான் கண்ட பலகையில் 'உப்பிலியப்பன் கோயில்' என்றே இருந்தது. ஒரத்தநாட்டின் நிலை இதற்கு நேர்மாறு. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து முத்தாம்பாள் சத்திரம் அமைந்த ஊர் அது. உரத்தநாடு என்பதே திருந்திய வடிவம் என்று கருதி அவ்வாறு எழுதுவோர் பலர். அவர்கள் எழுத்து பலகைக்கு ஏறினால் எங்கள் ஒகரம் உகரத்தில் கலந்துவிடும். ஒகரத்துக்கு வேறு ஊர் எங்களிடம் இல்லை. ஒப்பிலியப்பனை எடுத்துக்கொண்டால் கும்பகோணத்தின் பக்கத்திலேயே ஒகரம் முடிந்துவிடும், நெடுந்தொலைவு மிச்சமாகும். இந்த ஆசை எனக்கு உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை. பலகையே நடுவர் என்னும் விதி மறுபடியும் குறுக்கே நின்றது.

ஊத்துக்காடு என்னும் பெயரிலும் பேச்சுவழக்கு பலகையேறியிருக்கின்றது. எழுத்துவழக்கில் ஊற்று என்போம். முதலெழுத்து மாறாமையால் எங்களுக்கு இடரில்லை. ராஜகிரி, லால்குடி போன்ற ஊர்களைப் பார்த்தபோது வேறொரு வினா எழுந்தது. ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா. ஆதலின் இகரம் சேர்த்து இராஜகிரி, இலால்குடி என எழுத வேண்டும் என்பது மரபு. அம்மரபைப் பின்பற்றினால் இகரத்தில் ஊர்கள் பெருகும். பலகையைப் பின்பற்றினால் குறையும். நாங்கள் பலகையைப் பின்பற்றி, இன்னம்பூரோடு நிறைவடைந்தோம்.

இவ்வளவும் தமிழ் எழுத்தில். அதே பலகையில் கீழே ஆங்கிலமும் இருக்கின்றதே; அதைக் கொண்டு அகரவரிசை செய்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். செய்யலாம், ஆனால் ஊத்துக்காடும் ஒரத்தநாடும் ஓகையும் அங்கே ஒரே 'ஓ' எழுத்தின் கீழ்க் குவிந்துவிடும். எரவாஞ்சேரியும் ஏனநல்லூரும் குறில் நெடில் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும். 2020 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலுள்ள 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஓர் அரசாணை வெளிவந்ததும், பலர் எழுத்துக்கூட்டலில் குறை கூறியமையால் அது விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். இருபத்தாறு எழுத்துகளுக்குள் நம் ஊர்களை அடக்குவது அத்துணை எளிதாயில்லை. தன் எழுத்திலே தன் ஊரைப் படிப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒரு குறையையும் கூற வேண்டும். திட்டத்தை முடிவு செய்யுமுன் அருகிலுள்ள சில ஊர்களுக்குச் சென்று பலகைகளைப் பார்த்து வந்தோம். ஓரிடத்தில் பலகையின் முதல் மூன்றெழுத்துகளின்மேல் மஞ்சள்நீராட்டு விழாவுக்கு வாழ்த்து ஒட்டியிருந்தது. மற்றோரிடத்தில் இரங்கற் சுவரொட்டி. ஊரின் பெயரை மறைத்துவிட்டு ஊராருக்கே செய்தி சொல்லுகின்றனர்! தேநீர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவரிடம், "இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று மருமகன் கேட்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஊர்ப் பேர்தான் தம்பி, வேறென்ன எழுதுவார்கள்?" என்றார். பிறகு எழுந்து வந்து, தாமே அந்தத் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுத்தைக் காட்டினார். அவருக்கும் அது முகத்தைத் துடைத்துவிட்டதுபோல் இருந்திருக்க வேண்டும். சற்று நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ரா. பி. சேதுப்பிள்ளை 1946 ஆம் ஆண்டில் 'ஊரும் பேரும்' என்னும் நூலை வெளியிட்டார். அந்த நூலை என் மருமகனுக்கு இப்போது வாங்கிக் கொடுத்திருக்கின்றேன். முன்பே கொடுத்திருந்தால் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்திருப்பான். இன்று அவன் அதைத் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈச்சங்குடிக்கும் ஈச்சமரத்துக்கும் உறவு உண்டா, எண்கண் என்பதில் எட்டுக் கண்ணா, எண்ணும் கண்ணா என்று தேடிக்கொண்டிருக்கின்றான். வினா முன்னே வந்தது. நூல் பின்னே வந்தது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கின்றது என்பது என் மனத்தாங்கல்.

ஔகாரத்துக்கு நாங்கள் தேடிய வட்டத்தில் ஊரே அகப்படவில்லை. ஔவையார் பெயரால் தெருக்கள் உண்டு, தெரு ஊராகாது. ஐகாரத்துக்கு எப்படியாவது ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும் என்று தமக்கையார் கூறிப் பார்த்தார். "அய்யம்பேட்டைப் பலகையைப் படம் எடுத்து, அருகில் ஒரு குறிப்பு எழுதிவிடேன், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். "நான் கேட்பேன் அம்மா" என்றான் மகன்.

திட்டத்தாள் இப்போது என் மேசைமேல் இருக்கின்றது. அணைக்கரை, ஆடுதுறை, இன்னம்பூர், ஈச்சங்குடி, உமையாள்புரம், ஊத்துக்காடு, எரவாஞ்சேரி, ஏனநல்லூர், ஒரத்தநாடு, ஓகை. ஐ, ஔ என்னும் எழுத்துகளுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. வரும் ஆனி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி புறப்படுகின்றது. அன்று கூடத்தில் நகைத்த பெரியவர்களுள் ஒருவர், பின்னிருக்கையில் தமக்கும் இடம் உண்டா என்று நேற்றுக் கேட்டனுப்பியிருக்கின்றார்.